‘என்றால் சரியல்ல’: பாலியல் வழக்கில் ஒரு சாட்சியத்தின் எடை

தமிழ்நாட்டு மகளிர் நீதிமன்றம் ஒன்றின் சாட்சிய நகலை எடுத்துப் பாருங்கள். அரசு வக்கீல் தன் சாட்சியைக் கேட்கும் முதல் விசாரணை ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். அப்புறம் எதிரித் தரப்பின் குறுக்கு விசாரணை நீளும். (சினிமாவில்தான் ‘குற்றவாளி’, நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் ‘எதிரி’.) அதில் பாதி வரிகள் ஒரே மாதிரிதான் முடியும். ‘எதிரி அன்று ஊரிலேயே இல்லை என்றால் சரியல்ல.’ ‘முன்விரோதத்தால் புகார் கொடுத்தேன் என்றால் சரியல்ல.’ கடைசி வரி கிட்டத்தட்ட எல்லா வழக்கிலும் ஒன்றுதான்: ‘நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’

வக்கீல் ‘நீங்கள் சொல்வது பொய்தானே’ என்று கேட்கிறார், சாட்சி ‘இல்லை’ என்கிறார், இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியமாகப் பதிவாகிறது. மறுக்கப்பட்ட அந்தக் கேள்வி எதையும் நிரூபிப்பதில்லை. ஆனாலும் வக்கீல் கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் சாட்சி சொன்ன அந்தப் பகுதியை எதிர்ப்பு இல்லாமல் விட்டுவிட்டார் என்ற வாதம் மேல்முறையீட்டில் எழும்.

அ.சா.1 என்று நகலில் இருப்பது அரசு தரப்புச் சாட்சி எண் 1. பாலியல் வழக்குகளில் பெரும்பாலும் அது பாதிக்கப்பட்ட பெண்தான். குற்றம் நடந்த இடத்தில் அவரும் எதிரியும் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆக, மற்ற சாட்சியங்களெல்லாம் அவருடைய வார்த்தையைச் சுற்றித்தான் நிற்கும். அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை?

டீக்கடையில் இதற்கு இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று, ‘பொண்ணு சொன்னா போதும், ஆள் உள்ளே.’ இன்னொன்று, ‘மெடிக்கல் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையாம், அப்போ பொய் கேஸ்தான்.’ இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று புரிய, சட்டம் முன்பு எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும்.

1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 155-ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவு என்று ஒன்று இருந்தது. வல்லுறவு வழக்கில் புகார் சொன்ன பெண் ‘பொதுவாக ஒழுக்கமற்றவர்’ என்று காட்டி, அவர் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்கலாம் என்றது அது. திருட்டு வழக்கில் பொருளைப் பறிகொடுத்தவரின் ஒழுக்கத்தைக் கிளற இப்படித் தனியாக ஓர் உட்பிரிவு கிடையாது. இந்த உட்பிரிவு 130 ஆண்டு உயிரோடு இருந்து, 2002 இறுதியில் நிறைவேறிய திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது.

எழுதப்பட்ட சட்டம் இது. எழுதப்படாத வழக்கம் ஒன்றும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. குற்றத்தில் கூட்டாளியாக இருந்து பிறகு சாட்சி சொல்ல வருபவரின் பேச்சை வேறு ஆதாரம் இல்லாமல் நம்பக் கூடாது என்பது பழைய எச்சரிக்கை. வல்லுறவுக்கு ஆளான பெண்ணையும் நீதிமன்றங்கள் ஏறக்குறைய அதே தட்டில் வைத்தன. அவர் சொல்வதற்கு வேறொரு துணைச் சான்று வேண்டும் என்று எதிர்பார்த்தன. 1952-இல் ராமேஷ்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. எட்டு வயதுச் சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கு அது. துணைச் சான்று கட்டாயமில்லை, ஆனால் அதன் தேவை நீதிபதியின் மனதில் இருக்க வேண்டும், தேவையில்லை என்று கருதினால் ஏன் என்று சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு. விதிவிலக்குக்குக் கதவு திறந்தாயிற்று. ஆனால் சந்தேகம்தான் இன்னும் விதி.

அந்தச் சந்தேகம் எதுவரை போகும் என்பதை மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம் காட்டியது. 1972 மார்ச் மாதம் ஓர் இரவு, விசாரணைக்காக வரவழைக்கப்பட்ட பழங்குடிப் பெண் ஒருவரை, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் காவலர்கள் உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். அவருக்கு 14 முதல் 16 வயது இருக்கும் என்றார் மருத்துவர். செஷன்ஸ் நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது: பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவர், சம்மதித்துத்தான் நடந்தது என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது: பயத்தில் அடங்கிப்போவது சம்மதம் ஆகாது என்றது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாக நம்ப முடியவில்லை, ஆகவே எதிர்ப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது என்பது காரணம். இரவில், காவல் நிலையத்துக்குள், இரண்டு காவலர்களிடம் மாட்டிய ஒரு சிறுபெண் கூச்சல் போட்டு யாரைக் கூப்பிட்டிருப்பாள்? போலீஸையா?

இந்தக் கேள்வியை 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் எழுப்பினார்கள்: உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர். சம்மதத்துக்கும் அடங்கிப்போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் கடிதத்தின் மையம். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. தீர்ப்பு மாறவில்லை, சட்டம் மாறியது. 1983-இல் சாட்சியச் சட்டத்தில் 114-அ பிரிவு சேர்ந்தது.

அந்தப் பிரிவைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘சம்மதம் இருந்தது என்று ஆண்தான் நிரூபிக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. காவலர், அரசு ஊழியர், சிறை அல்லது மருத்துவமனைப் பணியாளர், பெண்ணின் மீது அதிகாரமோ ஆதிக்கமோ உள்ள நிலையில் இருப்பவர் என்று சட்டம் பட்டியலிட்டுள்ள கடுமையான சூழல்களுக்கு மட்டும்தான் அது. அங்கேயும் இரண்டு படி இருக்கிறது. உடலுறவு நடந்தது என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். பிறகு, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்க வேண்டும். அதன் பிறகுதான் நீதிமன்றம் ‘சம்மதம் இல்லை’ என்று அனுமானிக்கும். எதிரி அதை உடைத்துக் காட்டலாம். மற்ற வழக்குகளில் நிரூபிக்கும் சுமை கடைசி வரை அரசுத் தரப்பின் தலையில்தான். 1872 சட்டத்தின் இடத்துக்கு வந்து, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இதே விதி 120-ஆவது பிரிவாக இருக்கிறது. எண்தான் மாறியது.

சரி, பெண்ணின் சாட்சியம் ஒன்றே போதும் என்பது எங்கிருந்து வந்தது? அதே 1983-இல் குஜராத்திலிருந்து போன ஒரு வழக்கில், துணைச் சான்று இல்லை என்பதற்காக அவர் சாட்சியத்தை ஒதுக்குவது பட்ட காயத்தின் மேல் அவமானத்தையும் சேர்ப்பது என்றது உச்ச நீதிமன்றம். 1990-இல் இன்னொரு தீர்ப்பு: அவர் குற்றத்தின் கூட்டாளி அல்ல, குற்றத்துக்கு ஆளானவர், அடிதடி வழக்கில் காயம்பட்டவர் சாட்சியத்துக்கு என்ன மதிப்போ அதுவே இதற்கும்.

ஆனால் கொள்கையைவிட நடைமுறையைக் காட்டுவது 1996-இல் வந்த குர்மித் சிங் வழக்கு. பஞ்சாபில் தேர்வு எழுதப் போயிருந்த பள்ளி மாணவியை 1984-இல் காரில் கடத்திச் சென்று, இரவு முழுக்க வைத்திருந்து, மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் அன்றைய தேர்வை எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். விசாரணை நீதிமன்றம் அவளை நம்பவில்லை. ஒரு காரணம், ஃபியட்டுக்கும் அம்பாசிடருக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு காரணம், பள்ளியில் ஆசிரியைகளிடமும் தோழிகளிடமும் உடனே சொல்லவில்லை. போதாததற்கு அவள் நடத்தை பற்றியும் தீர்ப்பில் ஒரு குத்தல். உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. கார் மாடல் தெரியாதது சாட்சியத்தை எப்படிப் பொய்யாக்கும் என்று கேட்டது. அப்பா முதலில் பஞ்சாயத்துக்குப் போனதால் புகார் தாமதமானதையும் ஏற்றுக்கொண்டது. குடும்ப மானம் என்று தயங்கித் தயங்கிக் காவல் நிலையம் போகும் ஊரில், தாமதத்தை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவு கட்டக் கூடாது. தாமதத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை வைத்து, பெண் எது சொன்னாலும் நீதிமன்றம் தலையாட்டும் என்று நினைத்தால் அடுத்த தப்பு. இந்தியச் சட்டத்தில் ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற எண்ணிக்கை எந்த வழக்குக்குமே கிடையாது. மதராஸ் மாநிலத்திலிருந்து போன ஒரு கொலை வழக்கில், வடிவேலு தேவர் வழக்கு என்று பெயர், 1957-லேயே உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்துவிட்டது: முழுக்க நம்பலாம் என்பவர், முழுக்க நம்ப முடியாதவர், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். முதல் வகை என்றால் ஒரே ஆள் போதும். இரண்டாவது என்றால் ஒதுக்கிவிடலாம். நடுவில் இருப்பவருக்குத்தான் துணைச் சான்று தேடுவது. ஒற்றைச் சாட்சியத்தில் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை வரலாம் என்றால், வல்லுறவு வழக்கில் மட்டும் ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? பெண்ணுக்குச் சலுகை எதுவும் கொடுக்கப்படவில்லை. அவர் மீது மட்டும் கூடுதலாக ஏற்றி வைத்திருந்த சந்தேகத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

2012-இல் ராய் சந்தீப் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒற்றைச் சாட்சியத்தில் தண்டிக்க வேண்டுமானால் அந்தச் சாட்சி மாசில்லாத தரத்தில் இருக்க வேண்டும் என்றது. முதல் புகாரிலிருந்து கூண்டு வரை கதையின் அடிப்படை மாறக் கூடாது, எத்தனை நீண்ட குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும், மற்ற ஆதாரங்களோடு பொருந்த வேண்டும். அந்த வழக்கில் அப்படி இல்லை என்று எதிரிகளை விடுவித்தது. சட்டை நிறம், மணி ஏழா எட்டா என்பது போன்ற சிறு முரண்கள் வேறு. ஆள் யார், என்ன செய்தான் என்பதிலேயே வரும் முரண் வேறு. எல்லாப் பாலியல் வழக்கின் வாதமும் கடைசியில் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வந்து நிற்கும்.

சம்மதம் என்றால் என்ன என்பதற்கு 2013 வரை வல்லுறவுப் பிரிவில் தனி விளக்கமே இல்லை. டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்த திருத்தத்தில் விளக்கம் வந்தது. சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ, தயக்கத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தெரிவிக்கும் இசைவுதான் சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. தேசாய்கஞ்ச் தீர்ப்புக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் எழுத 35 வருடம் ஆயிற்று.

இப்போது அந்த மெடிக்கல் ரிப்போர்ட். ‘வல்லுறவு நடந்தது’ என்றோ ‘நடக்கவில்லை’ என்றோ மருத்துவர் சொல்ல முடியாது. அது சட்டத்தின் முடிவு, நீதிபதி எடுப்பது. மருத்துவர் சொல்லக் கூடியது காயம் இருக்கிறதா, மாதிரிகள் எடுக்கப்பட்டனவா, கண்டது பெண் சொன்ன விவரத்தோடு பொருந்துகிறதா என்பதுதான். மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதலின்படி மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கலாம். ஆனால் 72 மணி நேரம் தாண்டினாலே கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். குளித்திருப்பார், துணி மாற்றியிருப்பார், ஐந்து நாள் கழித்துத்தான் வாய் திறந்திருப்பார். அறிக்கையில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

அறிக்கையில் இருக்கவே கூடாத ஒன்றும் நெடுநாள் இருந்தது. இருவிரல் பரிசோதனை. பெண் ‘பழக்கப்பட்டவரா’ என்று சொல்ல மருத்துவர்கள் செய்தது. அறிவியலும் இல்லை, வழக்குக்குச் சம்பந்தமும் இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்றது. ஆனாலும் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதை உடனே தடை செய்யும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம், இனி இதைச் செய்யும் மருத்துவர் ஒழுங்கீனம் செய்த குற்றத்துக்கு ஆளாவார் என்று எச்சரித்தது. ஒரே விஷயத்தை ஒன்பது வருட இடைவெளியில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

டிஎன்ஏ வந்தபின் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று ஒரு நம்பிக்கை உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் ஒரு ஜோடி கொல்லப்பட்ட வழக்கு இதற்கு நல்ல பாடம். பெண் வல்லுறவுக்கும் ஆளாகியிருந்தார். எதிரிக்கு மரண தண்டனை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. டிஎன்ஏ பொருந்தியதாக அறிக்கை இருந்தும், அந்த மாதிரிகள் எடுத்ததிலிருந்து ஆய்வகம் போய்ச் சேர்ந்தது வரை எப்படிக் கையாளப்பட்டன என்ற கணக்கு சரியாக இல்லை. நடுவில் மாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி இல்லையென்றால் பொருத்தத்தை எப்படி நம்புவது? அதே தீர்ப்பில் நாடு முழுமைக்கும் நடைமுறை சொன்னார்கள். எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் தடயவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கக் கூடாது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு பதிவேடு, வழக்கு முடியும் வரை கூடவே வர வேண்டும். ஒரு வழக்கின் தலையெழுத்து ஒரு போலீஸ்காரர் எழுதாமல் விட்ட பதிவேட்டு வரியில் இருக்கலாம்.

இன்னொரு பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-இல் தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் செய்தது அரசு என்றால் மாதிரி எடுப்பது யார், பதிவேடு எழுதுவது யார்? உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிடவே 1995 ஆகிவிட்டது. டிஎன்ஏ கிடையாது, உடனடி மருத்துவ அறிக்கை கிடையாது. இருந்தது அந்தப் பெண்களின் வார்த்தை. அதை வைத்துத்தான் 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம், எதிரிகளில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது; அதில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காக. 2023-இல் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். பெண்களின் சாட்சியம் நம்பத்தக்கது என்று தீர்ப்பை உறுதி செய்தார். ஒற்றைச் சாட்சியம் பற்றிய விதி எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த வழக்கைத்தான்.

குழந்தைகள் வழக்கு தனி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 18 வயது நிறையவில்லை என்றால் போதும். எதிரி குற்றம் செய்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது 29-ஆவது பிரிவு. கேட்கக் கடுமையாக இருந்தாலும், அடிப்படைச் சங்கதிகளை அரசுத் தரப்பு நிலைநாட்டிய பிறகே அனுமானம் பிறக்கும் என்பது உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அந்த அடிப்படையில் முதலாவது வயது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அல்லது பள்ளியின் பிறப்புத் தேதிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. நம் ஊரில் எல்லோரும் முதலில் நீட்டும் மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி, இந்த வரிசையிலேயே இல்லை. அதை மட்டும் நம்பிப் போன தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்துவிட்டது.

சாட்சி பிறழ்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகாருக்குப் பின் பெண்ணின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்வார். பிரிவு எண்ணை வைத்து முன்பு அதற்கு 164 வாக்குமூலம் என்று பெயர், இப்போது பிரிவு 183. பத்திரிகைகளில் இதற்கு ஏகப்பட்ட முக்கியத்துவம். உண்மையில் அது தனித்து நிற்கும் சாட்சியம் அல்ல. கூண்டில் சொல்வதை உறுதிப்படுத்தவோ, முரண்படுத்திக் காட்டவோ மட்டும்தான் பயன்படும். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ‘எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் அந்த வாக்குமூலத்தை வைத்து மட்டும் தண்டிக்க முடியாது. பேரம், மிரட்டல், ‘கல்யாணம் ஆகணுமே’ எல்லாம் வேலை செய்வது இந்த இடைவெளியில்தான். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13-இல் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்ததற்கு மின்னணு ஆதாரங்கள் ஒரு காரணம். சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழாதது இன்னொரு காரணம்.

பெயர் வெளியே தெரியாது என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படி நிலைத்து நிற்க மாட்டார்கள். அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் 1983 முதல் சொல்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

குறுக்கு விசாரணைக்கு மறுபடி வருவோம். பெண்ணின் முந்தைய பாலியல் அனுபவம் பற்றிக் கேட்கவே கூடாது, சம்மதம் இருந்ததா என்று காட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2013 திருத்தம். புதிய சாட்சியச் சட்டத்தில் 48, 149 பிரிவுகள். கேள்வி நேரடியாக வராது. ‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனீர்கள்?’ ‘வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனீர்களா?’ என்று சுற்றி வளைத்து வரும். ஆபாசமான கேள்வியையும் அவமதிக்கும் நோக்கமுள்ள கேள்வியையும் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அது புதிதாக வந்ததல்ல. 155-ஆவது பிரிவை எழுதிய அதே 1872 சட்டத்தில், மூன்று நான்கு பிரிவுக்கு முன்னால், 151, 152 என்று அப்போதிருந்தே இருந்தது.